கடலுக்குப் போறவன் கட்டின மூட்டை

எடேய் தம்பி, கொஞ்சம் நில்லு. உந்த மூட்டையை இறக்கி வை. எங்க போறாய்? திருகோணமலைக் குடாவைச் சுத்திப் பாக்கவோ? நாள் முழுக்கப் போட்டிலயோ? நல்ல விசயம். பேந்தென்னத்துக்கு உவ்வளவு சாமான்? நாங்கள் ஊரைவிட்டு இடம்பெயரேக்கைகூட உதில அரைவாசி கட்டேல்லையடா.

அவிழ், பாப்பம். மூஞ்சிக்குப் பூசுற களிம்பு. உடம்புக்குப் பூசுற களிம்பு. பூசினதைக் கழுவ இன்னொரு களிம்பு. கமரா. அந்தக் கமராவைப் படம் எடுக்க இன்னொரு கமரா. பாட்டுப் போடுற பெட்டி. நாலு உடுப்பு: ஏறேக்கை ஒண்டு, இருக்கேக்கை ஒண்டு, நனையேக்கை ஒண்டு, நனையாமல் நிண்டு போட்டோ எடுக்க ஒண்டு. எல்லாம் கிடக்கு. குடிக்கிற தண்ணியைக் காணேல்லையே ராசா? சுத்திவர உப்புத்தண்ணி. அதைக் குடிக்கிற எண்ணமோ?

உதென்ன பேப்பர்? நேரசூசியோ? வாசி. 'காலமை 7.10 ஓங்கில். 7.40 திமிங்கிலம். 9.30 புறாத்தீவு.' அட, திமிங்கிலத்துக்கு ஆர் சொன்னது ஏழு நாப்பதுக்கு வரச்சொல்லி? அதுக்கும் வட்ஸ்அப் இருக்கோ?

கேள் மோனே, நான் சாம்பல்தீவில கிடந்து நரைச்சவன். பாலத்தடியில நிண்டு பாத்தால் நிலாவெளிப் பக்கம் ஓடுற வான் எல்லாம் எனக்குத் தெரியும். உள்ள இருக்கிற முகமும் தெரியும். போகேக்கை எல்லாரும் சிரிச்சுக்கொண்டுதான் போவினம். திரும்பி வரேக்கைதான் ஆர் வயித்தில கைவைச்சிருக்கினம் எண்டு பாக்கவேணும். விடிய எழும்பிப் புட்டும் சம்பலும் முட்ட அடிச்சுப்போட்டு போட்டில ஏறினவன், அதை ஆருக்குக் குடுத்தான் எண்டு சூடை மீனைத்தான் கேக்கவேணும்.

முதல்ல மாசத்தைச் சொல்லு. எந்த மாசம் வாறாய்? மார்கழியில லீவு கிடைச்சிருக்கு அப்பு எண்டு போன் எடுக்கிற பெடியள் இருக்கிறாங்கள். உனக்கு லீவு தந்தது உன்ர கந்தோர். வாடைக்காத்துக்கு லீவு ஆர் குடுத்தது? ஐப்பசி தொடங்கித் தை மட்டும் இந்தக் கரை அடிபடுற கரை. வள்ளமெல்லாம் மணலில ஏறிப் படுத்திருக்கும். சித்திரையில இருந்து புரட்டாதி மட்டும்தான் எங்கட கடல் ஆளை மதிக்கும். அந்த நேரம் காலி, மாத்தறைப் பக்கம் கொந்தளிக்கும். இந்த நாட்டில கடலும் முறைவேலைதான் செய்யுது. அங்க எழும்பினால் இஞ்ச படுக்கும், இஞ்ச எழும்பினால் அங்க படுக்கும். இது நிலாவெளியில சிப்பி பொறுக்கிற சின்னப் பெடிக்கும் தெரியும். இன்ரநெற்றில காசு கட்டினாப் பிறகுதான் உங்களுக்குத் தெரியவருது.

அடுத்தது, குடா குடா எண்டு துள்ளுறியே, எந்தக் குடா? திருகோணமலையில குடா ஒண்டு மட்டுமில்லை. தெற்கால விரிஞ்சு கிடக்கிறது கொட்டியாரக் குடா. கரையில மூதூர். 335 கிலோமீற்றர் ஓடிக் களைச்ச மகாவலி கங்கை அந்தக் குடாவிலதான் வந்து விழுது. உள்ளுக்கை புகுந்தால் துறைமுகம். அதுக்குப் பின்னால தம்பலகாமக் குடா. பக்கத்தில சீனக்குடா. துறைமுகத்துக்குள்ள சோபர் தீவு. இந்தப் பக்கம், எங்கட பக்கம், உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி எண்டு திறந்த கடல். எல்லாத்தையும் ஒரு நாளில பாக்கப்போறாய் எண்டால், ஒண்டையும் பாக்கப்போறதில்லை எண்டு எழுதி வை.

துறைமுகத்துப் பக்கம் போனாலும் நினைச்ச இடத்துக்குப் போகேலாது கண்டியோ. அது கடற்படைக்காரன்ர வீடு. நீ வைச்சிருக்கிற உந்தப் பறக்கிற யந்திரத்தை அங்க எழுப்பினாய் எண்டால், அது இறங்கிற இடத்தை நீ தீர்மானிக்கமாட்டாய். உன்னை இறக்கிற இடத்தையும் அவங்கள்தான் தீர்மானிப்பாங்கள். ஒரு காலம் இருந்தது, கடலில இறங்கவே பாஸ் எடுக்கவேணும். மீன் பிடிக்கிறவன் மணிக்கூட்டைப் பாத்து வலையைத் தூக்கவேணும். மீனுக்கு மணிக்கூடு தெரியுமே? அந்தக் காலத்தைப் பாத்த எங்களுக்கு, நீ போட்டில ஏறினவுடனே 'சிக்னல் இல்லை' எண்டு அழுகிறதைப் பாக்கச் சிரிப்புத்தான் வருது.

சரி, இப்ப ஒரு இரகசியம் சொல்லுறன். நீ பெரிய காசு கட்டிப் போற உந்தக் குடாச் சவாரியை, எங்கட ஆக்கள் பஸ் காசில போனவை. மூதூர் லாஞ்சு எண்டு கேள்விப்பட்டிருக்கிறியோ? கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்துப் போனது. அப்ப தரைவழியால மூதூருக்குப் போறதெண்டால் துறைக்குத் துறை இறங்கிப் 'பாதை' எண்டுற மிதவையில ஏறி, ஏறின பாதையை விட்டு இறங்கி, பேந்தும் ஒரு துறை. பொழுது அங்கயே பட்டிடும். அதால லாஞ்சு. அதில ஆர் ஏறினது? படிப்பிக்கப் போற வாத்திமார். கச்சேரிக்குப் போற கிளார்க்குமார். தயிர்ச்சட்டி அடுக்கிக் கொண்டுவாற கிழவியள். கால் கட்டின கோழி. ஆசுப்பத்திரிக்கு வாற பிள்ளைத்தாச்சி. வழக்குப் பேச வாறவனும், அவன்ர எதிரியும், ரெண்டு பேரும் ஒரே வாங்கில, ஒரே வெத்திலைப் பெட்டியில கைவைச்சுக்கொண்டு. ஒரு பக்கம் கோணேசர் மலை. மற்றப் பக்கம் கங்கை கலக்கிற கலங்கல் தண்ணி. விடியக் காலமை ஏறினால் சூரியன் கடலுக்குள்ளால எழும்பிறதைச் சும்மா பாக்கலாம். ஆனால் ஆர் பாத்தது? ஒருத்தரும் பாக்கேல்லை. எல்லாரும் நித்திரை. வாத்தியார் கொப்பி திருத்தினார். கிழவி சட்டியைப் பிடிச்சுக்கொண்டிருந்தா. காத்துக்கு எதிர்ப்பக்கம் வெத்திலை துப்பினவன் மாத்திரம் முழிச்சிருந்தான். அவனும் ஒருக்காத்தான் துப்புவான், பேந்து பழகிடுவான்.

அந்த லாஞ்சில போன சனம் முழுக்க என்ன கேட்டது தெரியுமே? 'எப்பதான் எங்களுக்கு ஒரு பாலம் வரும்?' அதைத்தான் கேட்டது. கிண்ணியாப் பாலம் 2009இல திறந்தாங்கள், 396 மீற்றர். கங்கை, உப்பாறு, இறால்குழிப் பாலங்கள் 2011இல. மூதூருக்கு இப்ப காரில போகலாம், மோட்டச்சைக்கிளில போகலாம். நல்ல வேலை. பிள்ளைத்தாச்சியைக் கேட்டால் தெரியும் அது எவ்வளவு நல்ல வேலை எண்டு. லாஞ்சை எல்லாரும் மறந்திட்டினம். மறந்து முடிய நீ வந்து நிக்கிறாய், குடாவுக்குள்ள போட்டில போகவேணும், அதுக்கு எவ்வளவு எண்டாலும் தாறன் எண்டு. உன்ர பேரன் பாலத்தில நடக்கிறதுக்கு ரிக்கற் வாங்குவான், பொறுத்திருந்து பார்.

நாள் முழுக்க எண்டு பெருமை பேசாதை, கண்டியோ. இந்தக் குடாவுக்கு வந்து கனநாள் நிண்ட ஒருத்தன் இருக்கிறான். றொபேட் நொக்ஸ் எண்ட இங்கிலீசுக்காரப் பெடியன். தகப்பன்ர கப்பல் புயலில அடிபட்டுப் பாய்மரம் முறிஞ்சு போச்சு. மரம் மாத்தக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தவை. பாத்திட்டுப் போறதுதான் திட்டம். கண்டி ராசாவின்ர ஆக்கள் 1660இல பிடிச்சுக்கொண்டு போனாங்கள். அவன் தப்பி ஓடினது 1679இல. 19 வருஷம்! நேரசூசி போட்டு வந்தவன்தான் அவனும். போய் 1681இல லண்டனில ஒரு புத்தகம் போட்டான். நீ ஒரு நாள் போய்வந்து நானூறு படம் போடுறாய். ஒண்டுக்குக் கீழையாவது ஒரு வரி எழுதிறியோ? 'வைப்' எண்டு எழுதுறாய்.

அவனுக்கு முந்தியும் பிந்தியும் வந்தவங்களைக் கேட்டால் தலை சுத்தும். டென்மார்க்காரன் 1620இல வந்து எட்டிப் பாத்தான். போத்துக்கேயன் கோணேசர் கோயிலை இடிச்சு, 1624இல அந்தக் கல்லில கோட்டை கட்டினான். ஒல்லாந்தன் பிடிச்சான். பிரெஞ்சுக்காரன் 1782இல பறிச்சான். இங்கிலீசுக்காரன் 1795இல வந்து உக்காந்தான், எழும்ப மனமில்லாமல். உலகத்தில கப்பல் வைச்சிருந்தவன் எல்லாருக்கும் இந்தக் குடாவைக் கண்டால் வாயூறினது. பொருள் தெரிஞ்ச கள்ளர். 1942 சித்திரை 9ஆந் தேதி ஜப்பான்காரன் விமானத்தில வந்து குண்டு போட்டான். சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒண்டில விமானம் விழுந்து நாள்கணக்கா எரிஞ்சது எண்டு பெரிசுகள் சொல்லுவினம். 99 தாங்கி இண்டைக்கும் காட்டுக்குள்ள நிக்கிது, அதைப் பற்றின ஒப்பந்தங்களும் நிக்கிது.

கோயிலைச் சொன்னன் எல்லே, அதில ஒண்டை மறந்திடாதை. கோணேசர் மலையை உள்ளுக்கை போய்க் கும்பிட்டால் கோயில்தான் தெரியும். கடலில நிண்டு பாத்தால்தான் மலை தெரியும். அந்தச் செங்குத்து, அந்த இராவணன் வெட்டு, கீழ கறுத்த தண்ணி. அதாலை போற எங்கட தண்டையல்மார் கையெடுக்காமல் போகமாட்டினம். 1956இல ஆதர் சி. கிளாக்கின்ர கூட்டாளி மைக் வில்சன் எண்டவர் கீழ முக்குளிச்சு, இடிஞ்ச கோயிலின்ர தூணும் கல்லும் கடலடியில கிடக்கிறதைக் கண்டார். அந்த இடம் வரேக்கை பாட்டுப் பெட்டியை நிப்பாட்டு. நிப்பாட்டாட்டி ஓட்டுறவன் நிப்பாட்டுவான்.

இனித் திமிங்கிலம். எங்கட துறைமுக வாயிலயே கடலுக்கடியில ஒரு பெரும் பள்ளத்தாக்குத் தொடங்குது. அதால கரைக்குக் கிட்டவே அடி காணாத ஆழம். பங்குனி தொடங்கி ஆவணி மட்டும் நீலத் திமிங்கிலம் அந்தப் பக்கம் திரியும். நூறடி மட்டும் வளருற சாதி. 1980களின்ர தொடக்கத்தில 'ரியூலிப்' எண்ட பாய்க்கப்பலில ஆராய்ச்சிக்காரர் வந்து அதுகளைப் பதிஞ்சவை. பேந்து நாட்டில சண்டை. திமிங்கிலம் பாக்க ஆருக்கு மனம்? எங்களைத்தான் எல்லாரும் ஒளிச்சிருந்து பாத்தாங்கள். இப்பத்தான் திரும்பவும் அதுக்கு மவுசு.

பாக்கப் போறாய் எண்டால் ஒண்டு தெரிஞ்சுகொள். அது காட்டப்போறது முதுகு. ஒரு முதுகு, ஒரு மூச்சு, வாய்ச்சால் ஒரு வால். அவ்வளவுதான். படத்தில கண்டபடி எழும்பிக் குதிக்கேல்லை எண்டு போட்டுக்காரனோட சண்டை பிடிச்ச ஒருத்தனைக் கண்டிருக்கிறன். அதென்ன சேர்க்கஸோ? மூச்சு விடுறதுதான் அதுக்கு வேலை. முதுகு தெரிஞ்சவுடனே என்ன நடக்கும் தெரியுமே? அரிசி எறிஞ்ச பக்கம் கோழிக்குஞ்சு ஓடின கணக்கா, போட்டில இருக்கிற எல்லாரும் ஒரு பக்கம் ஓடுவினம். போட் சரியும். தண்டையல் கத்துவான். ஆளுக்காள் போனைத் தூக்குவினம். படத்தைப் பாத்தால் முன்னுக்கு நிண்டவன்ர பிடரி. திமிங்கிலம் பாக்க வந்து பிடரி பாத்திட்டுப் போன சனம்தான் கூட. இன்னொண்டு, கிட்டப் போ கிட்டப் போ எண்டு ஓட்டுறவனை நெருக்காதை. பாலூட்டுற தாய்க்கும் குட்டிக்கும் நடுவில இஞ்சினை விடுறது ஊர்ப் பழக்கமில்லை. நாட்டுச் சட்டமும் விடாது.

புறாத்தீவு. இதுக்குத்தான் எனக்குக் கோபம் வாறது, தம்பி. நிலாவெளிக் கரையில இருந்து ஒரு கிலோமீற்றர், ஏறி இருந்து இடுப்பை நிமித்த முந்தி வந்திடும். பெரிசு ஒண்டு, சின்னன் ஒண்டு, ரெண்டு தீவு. மாடப்புறா கூடு வைக்கிற பாறை. வெள்ளைக்காரன் காலத்தில அதைக் குறிபாத்துச் சுட்டுப் பழகினவங்கள். 1963இல சரணாலயம் ஆக்கினாங்கள், 2003இல தேசிய பூங்கா ஆக்கினாங்கள். சுடுறதை நிப்பாட்டி ஆச்சு. மிதிக்கிறதை ஆர் நிப்பாட்டிறது?

முருகைக்கல்லைக் கல்லு எண்டு நினைக்கிறாய். உயிரடா அது. வருஷத்துக்கு விரலளவு வளர்ந்தால் பெரிசு. 1998இல கடல் சூடேறி நாட்டின்ர மற்றக் கரையில முருகைக்கல் எல்லாம் வெளுத்துச் செத்துப்போச்சு. எங்கட பக்கம் தப்பினது. சூட்டுக்குத் தப்பின கல்லு, செருப்புக்குத் தப்பேல்லை. நீந்தத் தெரியாதவன் கண்ணாடியை மூஞ்சியில மாட்டிக்கொண்டு இறங்குவான். இறங்கினவுடனே பயந்து கால் தேடுவான். கால் வைக்கிற இடம் முருகைக்கல். முறிச்சுப்போட்டு மேல வந்து, 'கோறல் எல்லாம் செத்துக் கிடக்கு, ஒண்டும் வடிவில்லை' எண்டு முறைப்பாடு! கையில ஒரு துண்டு, வீட்டு அலுமாரிக்கு. வீட்டில வைச்சால் வெள்ளைக் கல்லு. அங்க விட்டால் மீனுக்கு வீடு. இதுக்குப் பெரிய படிப்பு வேணுமோ?

சுறாவும் நிக்கும், பயப்பிடாதை. செட்டை நுனி கறுத்த சின்னச் சாதி. அதுக்கு உன்னைக் கடிக்க விருப்பமில்லை. உன்ர மேலில பூசியிருக்கிற களிம்பை மணந்தால் இன்னும் விருப்பமில்லை.

போன முறை ஒரு பெடியன் வந்து சொன்னான்: 'அப்பு, வியட்நாமில ஹாலோங் குடா எண்டு ஒண்டு இருக்கு, 1,600 தீவு, யுனெஸ்கோ 1994இல பட்டியலில போட்டது, அதைப் பாத்திட்டு இதைப் பாத்தால் ஒண்டுமில்லை.' 1,600 தீவையும் எண்ணினியோ எண்டு கேட்டன். இல்லை, கப்பலில சாப்பாடு நல்லா இருந்தது எண்டான். இறால், நண்டு, கணவாய். மேல்தட்டில குளிக்கத் தொட்டியும் இருந்ததாம். கடலுக்கு நடுவில தொட்டியில குளிச்சவனோட நான் என்னத்தைக் கதைக்கிறது? அங்கயும் அவன் பாத்தது சாப்பாட்டை. இஞ்சயும் அதைத்தான் தேடுறான். தீவு கூடினதாலயோ குறைஞ்சதாலயோ அவனுக்கு ஒரு நட்டமுமில்லை.

இனிச் சிரிப்பை விட்டிட்டு ஒண்டு. லைவ் ஜக்கெற் போடு. படத்துக்கு வடிவில்லை, செம்மஞ்சள் நிறம் உடுப்புக்குப் பொருந்தேல்லை எண்டு கழட்டி வைச்சுக்கொண்டு இருக்கிறதைக் கண்டால் எனக்குக் கை உளையும். 2021 கார்த்திகை 23, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில பாதை கவிண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளையள் செத்துதுகள். அது ஆழ்கடல் இல்லை. கரை கண்ணுக்குத் தெரியிற களப்பு. 2004 மார்கழி 26 எங்கட கரையில என்ன நடந்ததெண்டு நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. சல்லியில, நிலாவெளியில, ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், கேக்காமல் இருக்கிறது நல்லம். அதுக்குப் பிறகும் நாங்கள் கடலோடதான் இருக்கிறம். நம்பி இல்லை, பழகி.

ஓட்டுறவனைப் பாத்து எடு. பெரிய கண்ணாடி போட்டு இங்கிலீசு கதைக்கிறவனை விடு. கரையில குந்தி இருந்து காத்துக்கு மூஞ்சியைக் காட்டிக்கொண்டிருப்பான் ஒருத்தன், அவனைக் கேள். 'இண்டைக்குப் போகலாமோ அண்ணை?' எண்டு கேள். அவன் வேண்டாம் எண்டால், காசைக் காட்டாதை. காசைக் கண்டு மனம் மாறுறவன் எண்டால் அவனையும் விடு. காலமை வெள்ளனப் போ. வெயில் ஏற ஏறக் கடலும் எழும்பும். எத்தினை பேர், எவ்வளவு நேரம், எங்கயெங்க, புறாத்தீவு ரிக்கற் ஆர் எடுக்கிறது எண்டு எல்லாத்தையும் கால் நனைக்க முந்திப் பேசு. பேசி முடிஞ்சால் பேந்து இழுபறி வேண்டாம். ஐந்நூறு ரூபாய்க்கு அரை மணித்தியாலம் பேரம் பேசிப்போட்டு, கரையில வந்து ஒரு கோப்பிக்கு ஆயிரத்தைந்நூறு குடுத்திட்டுச் சிரிச்சுக்கொண்டு வாற கெட்டிக்காரர் நீங்கள்.

போட்டில ஏறினால் நடுவில இரு. வயித்தைப் பிரட்டினால் கீழ பாக்காதை, தூரத்தில கரையைப் பார். போனைப் பாத்தால் இன்னும் பிரட்டும், சொல்லிப்போட்டன். சும்மா இருக்கிறது கஸ்ரம்தான். அரை மணித்தியாலம் இருந்து பார். முதல் பத்து நிமிசம் கை தன்ரபாட்டில பொக்கற்றைத் தேடும். பேந்து விட்டிடும்.

பின்னேரம் திரும்பி வரேக்கை எங்கட கரையில கரைவலை இழுத்துக்கொண்டு நிப்பாங்கள். நிண்டு படம் எடுக்காதை. கயித்தில ஒரு கை வை. இழுத்தவனுக்குப் பங்கு குடுக்கிறது ஊர் வழக்கம். நாலு சூடை, வாய்ச்சால் ஒரு பாரைக்குஞ்சு. உள்ளங்கை தோல் உரியும், அதுக்கு உன்னட்டைக் களிம்பு கிடக்குத்தானே. மீனைக் கொண்டு வீட்டை வா. மாமி குழம்பு வைப்பா. வரேக்கை சந்திக் கடையில ரெண்டு தேசிக்காய் வாங்கிக்கொண்டு வா, வீட்டில முடிஞ்சுபோச்சு.